நம் ஊர் வாலிபால் அணி ஐரோப்பாவுக்குப் போனால்: நான்கு நாடு வேண்டாம், இரண்டு ஊர் போதும்

கேள்வி இதுதான். ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்தும் ஆண்கள் வாலிபால் கிளப்பை அடுத்த ஆண்டு பன்னிரண்டு நாள் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய், அங்குள்ள கிளப்களோடு ஆடவைக்க வேண்டும். டிராவல் ஏஜென்ட் இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று நான்கு நாடுகளில் ஐந்து மேட்ச் போட்டுத் திட்டம் கொடுத்திருக்கிறார். அதை ஏற்றுக்கொள்ளலாமா, வேறு என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏற்க வேண்டாம். அந்தத் திட்டப்படி போனால் பையன்கள் பஸ்ஸில் உட்கார்ந்து, சாயங்காலம் வீங்கிய காலோடு இறங்கி, யாரென்றே தெரியாத ஓர் அணியிடம் மூன்று செட் தோற்று, மறுநாள் காலை மறுபடி பஸ் ஏறுவார்கள். தோற்றதில் என்ன கற்றார்கள் என்று பார்ப்பதற்குள் நாடே மாறிவிடும். என் யோசனை நேர் எதிரானது. இரண்டே ஊர்களில் தங்குங்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரே கிளப்போடு இரண்டு முறை ஆடுங்கள். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் அவர்களோடு சேர்ந்து பயிற்சி எடுங்கள். இவ்வளவு பணமும் விசா அலைச்சலும் அந்த நடுநாள் பயிற்சிக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். மேலாளராக அணிகளோடு போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கும் நடுவே ஒரு பையனிடம் தெரியும் மாற்றத்தை, நம் ஊரில் ஒரு சீசன் முழுக்கப் பார்த்தாலும் காண முடியாது.

எங்கே போவது? வடகிழக்கு இத்தாலியும் அதை ஒட்டிய ஸ்லோவேனியாவும். வெனிஸுக்குப் பின்னால் இருக்கும் வெனெட்டோ மாநிலத்தில் வாலிபால் கிளப்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றில் ட்ரெவிசோ என்ற ஊரின் பெயர் பழைய ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். பக்கத்துச் சிற்றூர் கொனெலியானோவின் பெண்கள் அணி 2019க்கும் 2021க்கும் நடுவே தொடர்ந்து 76 ஆட்டங்களை வென்று உலக சாதனை வைத்தது. இத்தாலிய ஆண்கள் அணி 2022இலும் 2025இலும் உலக சாம்பியன். பெண்கள் அணி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம். இந்தப் பெரிய அணிகளோடு நீங்கள் ஆடப் போவதில்லை. ஆனால் அவை முளைத்த மண் அது. பள்ளி ஜிம் ஒவ்வொன்றிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு நெட் கட்டியிருக்கும், பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று பாஸ் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்லோவேனியா அதைவிட வியப்பு. மொத்தம் இருபது லட்சம் பேர் வாழும் நாடு. அதன் ஆண்கள் அணி 2015, 2019, 2021 என மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதிக்கு வந்தது. இத்தாலிய எல்லை ஊரான ட்ரியெஸ்டேவிலிருந்து ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். இரண்டு நாட்டுக்கும் ஒரே விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா), ஒரே யூரோ. ஆசை இருந்தால் குரோஷியாவையும் சேர்க்கலாம். 2023 ஜனவரி 1 முதல் அதுவும் ஷெங்கனுக்குள், யூரோவுக்குள் வந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டு நாளில் மூன்றாவது நாட்டை நான் சேர்க்கமாட்டேன்.

அமெரிக்கக் கல்லூரி அணிகளும் இதே வழியில்தான் நிறைய வருகின்றன. அவர்களுடைய கல்லூரி விளையாட்டு விதிப்படி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அணி வெளிநாட்டுப் பயணம் போகலாம். அதற்குமுன் பத்து நாள் கூடுதல் பயிற்சியும் வைத்துக்கொள்ளலாம். பயணத்தைவிட அந்தப் பத்து நாளுக்காகவே ஆசைப்படும் பயிற்சியாளர்கள் உண்டு. நீங்களும் கிளம்புவதற்கு முந்தைய நாட்களை அப்படி நினையுங்கள்.

அடுத்து, எந்த மாதம் என்பது. பல பேர் மே, ஜூன் என்று போவார்கள், நமக்கும் விடுமுறை என்பதால். ஆனால் அங்கே லீக் வசந்த காலத்தோடு முடிந்துவிடும். மே கடைசியில் போனால் கிளப்பின் உண்மையான அணி கிடைக்காது. ஊரில் இருக்கும் ஜூனியர்களையும் பழைய ஆட்டக்காரர்களையும் சேர்த்து ஓர் அணி நிறுத்துவார்கள். மரியாதையாக ஆடுவார்கள், அவ்வளவுதான். ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே மூடிக்கிடக்கும். 15ஆம் தேதி அவர்களுக்குப் பெரிய விடுமுறை. நல்ல காலம் செப்டம்பர். லீக் அக்டோபரில் தொடங்கும் என்பதால் எல்லாக் கிளப்பும் ஆகஸ்ட் கடைசியிலேயே பயிற்சி ஆரம்பித்திருக்கும், ஆட எதிரணி தேடிக்கொண்டும் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் அவர்களுக்குச் சுமை இல்லை. அவர்களுக்கும் நீங்கள் தேவை.

எந்தத் தரத்து அணியோடு ஆடுவது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இத்தாலியில் ஆண்களுக்கு மேலே சூப்பர்லேகா, அதன் கீழ் ஏ2, ஏ3, பிறகு சீரி பி, அதற்கும் கீழே மாநில அளவில் சி, டி. நல்ல கல்லூரி அணி, மாவட்ட அளவில் பரிசு வாங்கும் அணி என்றால் சீரி சி அணியோடு தொடங்குங்கள். 'சி' என்ற எழுத்தைப் பார்த்துக் குறைவாக எடைபோடாதீர்கள். பகலில் வங்கியிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்ப்பவர்கள்தான், ஆனால் எட்டு வயதிலிருந்து உள்ளரங்கில் ஆடி வளர்ந்தவர்கள். அவர்களை நெருக்கிப் பிடித்தீர்கள் என்றால் அடுத்த ஊரில் சீரி பி அணியைக் கேளுங்கள். பெரிய கிளப்களின் 19 வயதுக்குட்பட்ட அணிகளும் அருமையான எதிரணிகள்.

கிளப்புக்கு எழுதும் கடிதத்தில் உங்கள் அணியை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். வீரர்களின் உயரம், எந்தப் போட்டிகளில் ஆடியவர்கள், உள்ளரங்கில் எவ்வளவு பழக்கம் என்று எழுதி, வெட்டாத ஒரு முழு செட் வீடியோவை அனுப்புங்கள். ஸ்மாஷ்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோவை எந்தப் பயிற்சியாளரும் நம்பமாட்டார். இன்னொன்று, 'நட்பு மேட்ச்' என்று மட்டும் கேட்காதீர்கள். சீசனுக்கு முன் இத்தாலியக் கிளப்கள் தங்களுக்குள் ஆடுவதைக் 'கூட்டுப் பயிற்சி' என்றே அறிவிப்பார்கள். அதில் 3-0 என்று முடிந்தாலும் நாலாவது செட், சில சமயம் ஐந்தாவது செட்டும் ஆடுவார்கள். இரண்டு பயிற்சியாளர்களும் முன்பே பேசிவைத்துக்கொண்டு, இந்த செட்டில் எல்லோரும் பந்து சுழலாமல் போகும் ஃப்ளோட் சர்வீஸ் மட்டும், அந்த செட்டில் இளையவர்கள் மட்டும் என்று மாற்றிக்கொள்வதும் உண்டு. நமக்கு வேண்டியது அதுதான். பதினாலு பேரை இவ்வளவு தூரம் கூட்டிப்போய் ஆறு பேரை மட்டும் ஆடவைத்துத் திரும்புவது அநியாயம். கடிதத்திலேயே கேளுங்கள்: முதல் நாள் நான்கு செட், மறுநாள் சேர்ந்து இரண்டு மணி நேரப் பயிற்சி, ஒரு நாள் விட்டு மறுபடி ஐந்து செட்.

இதனால் என்ன கிடைக்கும் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மண் தரையில் வளர்ந்த ஒரு லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தெடுக்கவென்றே நிற்கும் ஆட்டக்காரன். கை சுத்தம், காலும் வேகம். முதல் ஆட்டத்தில் எதிரணியின் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன்) எண்ட் லைனிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று ஃப்ளோட் சர்வீஸ் போட்டான். சுழலாமல் வந்த பந்து, விளக்கு வரிசைக்குக் கீழே வந்ததும் கனம் வந்ததுபோலத் தொய்ந்து விழுந்தது. நம் பையன் ஒவ்வொன்றையும் முழங்கை மடக்கிக் கடைசி நேரத்தில் எடுத்தான். பந்து கூரையின் இரும்புச் சட்டத்தில் போய் அடித்தது. வெளியில் ஆடிப் பழகியவனுக்கு மேலே கூரை என்று ஒன்று இருப்பதே மனத்தில் பதியாது. சர்வதேச விதிப்படி கூரையில் பட்டால் அவுட். ஒரே செட்டில் அப்படியே புள்ளிகள் போயின. மறுநாள் கூட்டுப் பயிற்சியில் அவர்களுடைய பயிற்சியாளர் இவனைத் தனியாக அழைத்துப் போனார். பாஷை தெரியாது. நெட்டுக்குக் குறுக்கே, ஆள் மார்பு உயரத்துக்கு மேல் ஒரு ரிப்பனைக் கட்டினார். பந்து வரும்போது விரல்களால் மேலே எடு, இரண்டடி முன்னால் நில் என்று கையாலேயே காட்டினார். முக்கால் மணி நேரம் அதே பந்து, அதே இடம். அடுத்த ஆட்டத்தில் அதே செட்டரின் சர்வீஸை இவன் முன்னால் ஏறி நின்று தலைக்கு மேல் வாங்கினான். அணி தோற்றது, ஆனால் இரண்டு செட் எடுத்தது. நாடு விட்டு நாடு ஓடியிருந்தால் அந்த முக்கால் மணி நேரம் கிடைத்திருக்காது.

முடிந்தால் உங்கள் அணியில் கணக்கில் கெட்டிக்காரனான ஒருவனை, அவர்களுக்காக ஆட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்கவுட்மேன் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஆட்டத்தை ஒவ்வொரு தொடுகையாகப் பதிவுசெய்யும் டேட்டா வாலி மென்பொருளே இத்தாலியில் உருவானதுதான். கீழ்நிலைக் கிளப்கள் சிலவற்றில்கூட ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பதிவையும் வீடியோவையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

ஊரிலேயே செய்ய வேண்டிய தயாரிப்புக்கு வருகிறேன். கிளம்பும் முன் இரண்டு மூன்று வாரமாவது உள்ளரங்கில் ஆடுங்கள். சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஏதாவது கல்லூரியின் மரத் தரை போதும். பந்து மிகாசா வி200டபிள்யூ வாங்கி அதிலேயே பழகுங்கள். எதிரணி எந்தப் பந்தில் ஆடும் என்பதையும் கடிதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரைதான் இருக்க வேண்டும். நம் ஊரில் கல்லுமாதிரி காற்றடித்து ஆடிப் பழகிவிட்டு அங்கே போனால் பாஸ் எல்லாம் செட்டருக்கு முன்னாலேயே விழும்.

ஷூ விஷயத்தில் கறாராக இருங்கள். அங்கே பல ஜிம்களில் தெருவில் போட்டுவந்த ஷூவோடு தரையில் கால் வைக்கவே விடமாட்டார்கள். வாசலில் நிற்கும் பராமரிப்பாளர் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பார். தரையில் கோடு விழாத ரப்பர் அடி கொண்ட தனி ஷூ ஒவ்வொருவருக்கும் வேண்டும், அதைக் கையில் எடுத்துப்போய் உள்ளே மாற்ற வேண்டும். அந்த ஷூவை விமானத்தில் கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். பெட்டி தொலைந்தால் ஜெர்ஸியை இரவல் வாங்கலாம், பழகிய ஷூவை வாங்க முடியாது. ஜெர்ஸி கறுத்த நிறத்தில் ஒன்று, வெளிர் நிறத்தில் ஒன்று; லிபரோவுக்கு இரண்டிலிருந்தும் தெளிவாக வேறுபடும் நிறம்.

இனி காகித வேலை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும், ஆனால் அணிக்கு அது போதவே போதாது. கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம். முதல் முறை போகிறவர்கள் எல்லோரும் கைரேகை கொடுக்க நேரில் வர வேண்டும். விண்ணப்பத்தில் பயண நோக்கம் என்ற இடத்தில் விளையாட்டு என்று தனிக் கட்டமே இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சுற்றுலா என்று போட்டு, பெட்டியில் பந்தும் ஜெர்ஸியுமாக எல்லையில் நிற்காதீர்கள். அழைக்கும் கிளப்பின் கடிதம் அதன் தலைத்தாளில், தேதி, அரங்கின் முகவரி, ஒவ்வொரு வீரரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சேர்த்து வர வேண்டும். நம் பக்கம் மாநிலச் சங்கத்தின் வழியாகத் தேசிய வாலிபால் சம்மேளனத்தின் ஆட்சேபணை இல்லைக் கடிதமும் வேண்டும். ரயில்வே, போலீஸ், வருமான வரித்துறை என்று வேலையில் இருக்கும் ஆட்டக்காரர்கள் துறையின் அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் அதிக நாள் இழுப்பது அதுதான், அங்கிருந்தே தொடங்குங்கள்.

விசா மறுப்பு வரும் என்று வைத்தே திட்டம் போடுங்கள். இருபத்திரண்டு வயது, நிலையான வேலை இல்லை, கணக்கில் பணம் இல்லை, இதுவரை வெளிநாடு போனதில்லை: நம் அணியில் பாதிப் பேர் இப்படித்தான் இருப்பார்கள், தூதரகத்துக்குத் தயக்கம் வருவதும் இவர்கள் மேல்தான். செலவை ஏற்கும் கிளப்போ ஸ்பான்சரோ கணக்கு அறிக்கையோடு கடிதம் கொடுத்தால் வலு சேரும். பதினாலு பேர் தேவை என்றால் பதினாறு பேருக்கு விண்ணப்பியுங்கள். செட்டர்கள் கட்டாயம் இரண்டு பேர், முடிந்தால் மூன்று. ஓர் அட்டாக்கருக்கு விசா கிடைக்காவிட்டால் ஆடிவிடலாம். ஒரே செட்டருக்குக் கிடைக்காவிட்டால் மொத்தப் பயணமும் பாழ்.

நம் தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒற்றைப் பெயரோடு இருப்பவர்கள் நிறைய. விமான டிக்கெட்டில் ஏஜென்ட் இன்ஷியலைச் சேர்த்துப் போட்டுவிடுவார், கிளப்பின் அழைப்புக் கடிதத்தில் இன்னொரு விதமாக இருக்கும். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுவது நல்லது. திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கம் இரண்டு இருக்க வேண்டும்.

காப்பீடு ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ கேட்பார்கள். விசாவுக்கு அது போதும், அணிக்குப் போதாது. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் போட்டி விளையாட்டில் ஏற்படும் காயம் சேராது என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். பிளாக் போட்டு இறங்கும்போது எதிராளி காலில் மிதித்துக் கணுக்கால் புரள்வது இந்த ஆட்டத்தில் அன்றாடம் நடப்பது. விளையாட்டுக் காயத்தைச் சேர்த்து எழுதிய பாலிசியையே வாங்குங்கள், நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி கேளுங்கள்.

எல்லையில் 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. கூட்டமாகப் போகும்போது நேரம் பிடிக்கும். அடுத்த விமானம் மாற வேண்டியிருந்தால் நடுவில் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

போய் இறங்கியதும் அன்றே மேட்ச் வேண்டாம். செப்டம்பரில் இத்தாலி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். பையன்கள் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்திருப்பார்கள். அது ஒன்றுமில்லை. ராத்திரி எட்டரைக்கு அங்கே ஆட்டம் தொடங்குவது சகஜம், நம் உடம்புக்கு அது நள்ளிரவு பன்னிரண்டு மணி. நான்காவது செட்டில் கை கால் ஓயும்போது தெம்பு இல்லை என்று திட்டாதீர்கள், தூக்கம்தான். முதல் இரண்டு நாள் சாயங்காலம் லேசான பயிற்சி, பகலில் வெயிலில் நடை, மதியம் தூங்கவிடக்கூடாது. மூன்றாம் நாள் முதல் ஆட்டம்.

சாப்பாட்டில் நம் பிள்ளைகள் சோறு கேட்பார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போகலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அம்மா கொடுத்துவிடும் நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்தோடு போய்விடும். கறிவேப்பிலை, மாம்பழத்துக்கும் அதே கதிதான். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் தக்காளி சாஸ் பாஸ்தா நல்ல உணவு, பழகிக்கொள்ளட்டும். மதியம் இரண்டரைக்குப் பிறகு பல உணவகங்கள் மூடினால் ராத்திரி ஏழரைக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் பதினாறு பேரைப் பசியோடு தெருவில் நிறுத்தாமலிருக்க, வாழைப்பழமும் ரொட்டியும் பையில் எப்போதும் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எதிரணி பீட்சா சாப்பிட அழைத்தால் தூக்கம் வந்தாலும் போங்கள். கோர்ட்டில் கேட்க முடியாததை எல்லாம் பையன்கள் அங்கேதான் கேட்பார்கள்.

வண்டி ஓட்டுநரை நம் ஊர் வேன் டிரைவர் மாதிரி ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்ல முடியாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது ஐரோப்பியச் சட்டம். இரண்டு ஊர்த் திட்டத்தில் பெரிய பஸ் ஒரே ஒரு நாளுக்குத்தான் தேவைப்படும். மற்ற நாட்களில் ஜிம்முக்கு நடந்தே போகும்படி தங்குமிடம் பிடியுங்கள். மிச்சமாகும் பஸ் வாடகையில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கலாம். அரங்க வாடகை, நடுவர் கட்டணம் யார் தருவது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நாளைச் சுற்றிப்பார்க்க ஒதுக்குவதென்றால் வெனிஸை விட்டுவிட்டு பிரேஷா பக்கத்தில் மோன்டிகியாரிக்குப் போகச் சொல்வேன். அங்கே இருக்கும் அரங்கத்தின் பெயர் பாலாஜார்ஜ். கேரளத்துப் பேராவூரில் பிறந்த நம் ஜிம்மி ஜார்ஜின் பெயர். இந்தியாவிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரராக இத்தாலிக்குப் போய் ஆடியவர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர். மறு ஆண்டு நவம்பர் 30 அன்று இத்தாலியிலேயே கார் விபத்தில் 32 வயதில் இறந்தார். ஓர் இந்திய ஆட்டக்காரனின் பெயரை ஓர் இத்தாலிய ஊர் தன் அரங்கத்துக்கு வைத்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் வாசலில் நின்று படிக்க வேண்டும். அந்த ஊரிலோ பக்கத்திலோ ஒரு கிளப் ஆட ஒப்புக்கொண்டால் இரண்டு ஊர்களில் ஒன்றாக அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் போக வேண்டுமானால் கிளப்களுக்கு முதல் கடிதம் ஜனவரியில் போக வேண்டும், பிப்ரவரி முடிவதற்குள் இரண்டு ஊரும் முடிவாக வேண்டும், மார்ச்சில் பாஸ்போர்ட்டும் அனுமதிக் கடிதங்களும் கையில் இருக்க வேண்டும். சீரி சி கிளப்களின் மின்னஞ்சலை அநேகமாக வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு தன்னார்வலர்தான் பார்ப்பார், பதில் வரத் தாமதமாகும். ஐந்தாறு கிளப்புக்கு எழுதுங்கள், இத்தாலிய மொழியில் நான்கே வரியாக எழுதுங்கள், வீடியோ இணைப்பை முதல் வரியிலேயே வையுங்கள். ஏஜென்டிடம் டிக்கெட்டையும் விசா நேரத்தையும் மட்டும் ஒப்படையுங்கள். எதிரணியை நீங்களே தேடுங்கள்.